போன மின்சாரம் திரும்பி வந்தால்...

நீங்கள் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. சற்று நேரம் காத்திருந்து பார்க்கிறீர்கள். வரவில்லை. இஸ்திரிப் பெட்டியை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மின்சாரம் வருகிறது. அப்போது பெட்டி என்ன செய்யும்?

சூடேறத் தொடங்கும். ஏனென்றால் அதன் ஸ்விட்ச் போட்டது போட்டபடியே இருக்கிறது. நீங்கள் விட்டுச்சென்ற கட்டளையை அது மறக்கவில்லை. நீங்கள் அங்கே இல்லை என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

இதே காட்சியை ஒரு தொழிற்சாலைக்குள் நினைத்துப் பாருங்கள். தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பெரிய இயந்திரம் ஒன்று மின்தடையால் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு தகடு சிக்கியிருக்கிறது. "மின்சாரம்தான் இல்லையே" என்று ஒரு தொழிலாளி கையை விட்டு அதை எடுக்கிறார். அந்த நொடியில் மின்சாரம் திரும்புகிறது. இயந்திரம் தான் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தால் என்ன ஆகும்?

மின்சாரம் போகும்போது ஓர் இயந்திரம் எதை நினைவில் வைத்திருக்க வேண்டும்? எதை மறந்துவிட வேண்டும்? தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஆட்டுவிக்கும் மின்னணுக் கட்டுப்படுத்திகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடந்திருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தவர்களுக்குக் கட்டுப்படுத்தியில் நேரும் மின்வழங்கல் பழுதுகளைக் கண்டுபிடிப்பதும் எளிதாகும்.

மறப்பதே பாதுகாப்பு

மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன் கட்டுப்படுத்தும் வேலையை 'ரிலே' என்னும் சிறு கருவி செய்துவந்தது. அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டையொட்டி இதை உருவாக்கினார். கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். இரும்புத் துண்டு இரண்டு தொடுமுனைகளைச் சேர்க்கும். மின்னோட்டம் நின்றால் வில் இரும்பைப் பின்னுக்கு இழுத்துத் தொடுமுனைகளைப் பிரித்துவிடும். தத்துவம் அவ்வளவுதான்.

மோட்டாரை இயக்க இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் ரிலேயின் சுருளுக்கு மின்சாரம் செல்கிறது, ரிலே மூடுகிறது, மோட்டார் ஓடுகிறது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் மோட்டார் நின்றுவிடுமே! அதற்காக ஒரு தந்திரம் செய்தார்கள். ரிலேயின் தொடுமுனை ஒன்றைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாகப் பொருத்தினார்கள். ரிலே ஒருமுறை மூடிவிட்டால், அதன் சுருளுக்கு வேண்டிய மின்சாரம் அதன் தொடுமுனை வழியாகவே வந்துகொண்டிருக்கும். தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் தொடுமுனை இது. சிவப்புப் பொத்தான் இந்தச் சுற்றைத் துண்டித்து மோட்டாரை நிறுத்தும்.

இப்போது மின்சாரம் போகட்டும். சுருள் காந்தத்தை இழக்கிறது, தொடுமுனை விலகுகிறது. பிறகு மின்சாரம் வந்தாலும் மோட்டார் ஓடாது. ஒருவர் வந்து பச்சைப் பொத்தானை மறுபடியும் அழுத்தியாக வேண்டும். அதாவது, ரிலே மறந்துவிடுகிறது. மறப்பதனாலேயே தொழிலாளியின் கையைக் காப்பாற்றுகிறது. இந்தப் பாதுகாப்புக்காக யாரும் தனியாகக் கருவி செய்யவில்லை. ஒரு வில்லின் இழுவிசை அதை இலவசமாகத் தந்தது.

சுவிட்ச் இல்லாத பெட்டி

ரிலேக்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அவற்றின் அறிவெல்லாம் கம்பி இணைப்பில் இருந்தது. வேலை முறையை மாற்ற வேண்டுமென்றால் கம்பிகளைக் கழற்றி மீண்டும் இணைக்க வேண்டும். அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில் புதிய மாடல் வரும்போதெல்லாம், நூற்றுக்கணக்கான ரிலேக்கள் அடங்கிய பலகைகளைப் பிரித்துக் கட்டவேண்டி வந்தது. பலவற்றைத் தூக்கி எறியவும் நேர்ந்தது.

1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு இதற்கு ஒரு மாற்றைக் கேட்டது. தானியங்கிப் பல்சக்கரப் பெட்டிகளைச் செய்யும் பிரிவு அது. புதிய கருவியை எளிதில் திருத்தி எழுத முடிய வேண்டும். பழுதான பகுதியைக் கழற்றி வேறொன்றைச் செருக முடிய வேண்டும். தொழிற்சாலைச் சூழலில் ரிலேயைவிட நம்பகமாக இருக்க வேண்டும். 115 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேரடியாக ஏற்க வேண்டும். இவை அவர்கள் விதித்த நிபந்தனைகளுள் சில.

அதே ஆண்டின் முதல் நாளன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்டு மார்லி, ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு கருவியைப் பற்றிய குறிப்பை எழுதியிருந்தார். இவர் எம்.ஐ.டி.யில் இயற்பியல் பயின்றவர். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரியான கட்டுப்பாட்டு அமைப்பைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப் போனவர். அவர் குழு செய்த கருவி அந்த நிறுவனத்தின் 84-ஆவது திட்டம். ஆகவே அதற்கு '084' என்று பெயர். அதை விற்பதற்காகத் தொடங்கிய நிறுவனம்தான் மாடிக்கான். 1969-இல் 084 கருவி ஹைட்ராமேட்டிக் பிரிவுக்குச் சென்றது.

அந்தக் கருவியில் இரண்டு பொருள்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று, காற்றாடி. தொழிற்சாலைத் தூசியை உள்ளே இழுக்கக் கூடாது என்பதால், வெப்பம் உலோக உறை வழியாகவே வெளியேறும்படி செய்தார்கள். மற்றொன்று, இயக்கி நிறுத்தும் ஸ்விட்ச்! ரிலேப் பலகைக்கு ஸ்விட்ச் உண்டா? அதுபோலவே இதுவும் எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

எப்போதும் விழித்திருக்கும் கருவியைச் செய்துவிடலாம். எப்போதும் வரும் மின்சாரத்தை யார் தருவார்கள்?

படித்தால் அழியும் நினைவு

புதிய கருவியின் அறிவு கம்பியில் இல்லை, நினைவகத்தில் இருந்தது. எனவே மின்சாரம் போனால் நினைவகம் என்ன ஆகும் என்ற கேள்வி உடனே எழுந்தது.

மாடிக்கானின் தொடக்ககாலக் கருவிகள் காந்த உள்ளக நினைவகத்தைப் பயன்படுத்தின. மிகச் சிறிய ஃபெரைட் வளையங்களைக் கம்பிகளில் கோத்துச் செய்யும் வலை அது. ஒவ்வொரு வளையமும் வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ காந்தமாகி '1' அல்லது '0' என்பதைக் குறிக்கும். காந்தத் தன்மை நிலைத்திருப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே மின்தடை பல நாள் நீடித்தாலும் நிரல் அழியாது. இதே காலத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் செய்த பி.டி.பி-14 என்னும் கட்டுப்படுத்தியிலோ நிரலைக் கம்பியாகவே பின்னி வைத்தார்கள். அது அழியவே அழியாது. ஆனால் மாற்றுவதும் கடினம்.

காந்த வளையத்தில் ஓர் இக்கட்டு உண்டு. அதில் இருப்பதைப் படிக்க வேண்டுமென்றால், அதை '0' நிலைக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். நிலை மாறினால் இருந்தது '1', மாறாவிட்டால் '0'. அதாவது, படித்தாலே அழிந்துவிடும்! எனவே படித்தவுடன் பழையபடி எழுதி வைக்க வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட அந்த மைக்ரோ வினாடிகளில் மின்னழுத்தம் விழுந்துவிட்டால், அந்தச் சொல் போனது போனதுதான்.

இதற்குப் பொறியியலாளர்கள் கண்ட வழி அழகானது. வரும் மின்சாரத்தைக் கண்காணிக்க ஒரு சுற்றை அமைத்தார்கள். மின்சாரம் நின்றவுடன் அது எச்சரிக்கும். மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் மின்னேற்றம் இன்னும் சில மில்லி வினாடிகளுக்குத் தாங்கும். அந்தக் குறுகிய நேரத்தில், கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு, புதிய வேலை எதையும் தொடங்காமல் கருவி ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொள்ளும். மின்சாரம் போவதைத் தடுக்க முடியாது; போவதற்கு முன் கதவைச் சாத்திக்கொள்ள முடியும்.

உறங்கும் பழுது

1970-இல் இன்டெல் நிறுவனம் 1103 என்ற குறைகடத்தி நினைவகச் சில்லை வெளியிட்டது. மலிவான இத்தகைய சில்லுகள் சில ஆண்டுகளில் காந்த வளையங்களை ஓரங்கட்டிவிட்டன. ஆனால் இவை மின்சாரம் போனவுடன் அனைத்தையும் மறந்துவிடும். எனவே கட்டுப்படுத்திகளில் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் நினைவைக் காக்கும் சீமாஸ் வகைச் சில்லுகளைப் பயன்படுத்தி, அவற்றுக்குத் துணையாகச் சிறிய மின்கலம் ஒன்றையும் வைத்தார்கள். மின்சாரம் இருக்கும்வரை மின்கலத்துக்கு வேலை இல்லை. போனால் மட்டுமே வேலை.

இங்கேதான் ஒரு புதுவகைப் பழுது பிறந்தது. மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். கட்டுப்படுத்தியோ இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மின்கலம் தீர்ந்ததை அறிவிக்கும் சிறு விளக்கு எரிகிறது. பூட்டிய பெட்டிக்குள் அதை யார் பார்ப்பது? பண்டிகை விடுமுறைக்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். விடுமுறை முடிந்து திரும்பினால், பெட்டியில் நிரல் இல்லை. நேற்று வரை நன்றாக ஓடியதே என்று எல்லோரும் வியக்கிறார்கள். பழுது நேற்று வரவில்லை. அது பல மாதங்களாக உள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது.

இந்த வகைக் கருவிகளைப் பராமரிப்பவர்கள் மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு. நினைவகத்தைக் காக்கும் மின்கலத்தைக் கட்டுப்படுத்திக்கு மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அதற்கும் முன்பு நிரலுக்கு ஒரு படி எடுத்து வைக்க வேண்டும். டார்ச் விளக்குக்குச் செல் மாற்றுவதுபோல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கழற்றினால், நிரலையும் சேர்த்துக் கழற்றிவிட்டதாகவே பொருள். 1984-இல் ஜப்பானின் டோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோக்கா 'ஃபிளாஷ்' நினைவகத்தை அறிவித்தார். பின்னர் அது பரவி, நிரலைக் காக்கும் பொறுப்பைப் பெருமளவு மின்கலத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆனாலும் பழைய கருவிகள் பல தொழிற்சாலைகளில் இன்னும் உழைக்கின்றன.

ஒரு மின்தேக்கியின் கணக்கு

மின்சாரம் நின்றபின் கருவியைச் சில மில்லி வினாடிகள் தாங்குவது மின்தேக்கி என்றோம். எவ்வளவு நேரம் தாங்கும்? மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பழைய முறை மின்வழங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது; திருத்தி நேர்மின்னோட்டமாக்குகிறது; 10,000 மைக்ரோஃபாரடு மின்தேக்கி 10 வோல்ட் வரை மின்னேற்றம் பெறுகிறது; அதன்பின் ஒரு சீராக்கி 5 வோல்ட்டைத் தருகிறது. சீராக்கிக்கு உள்ளீடாகக் குறைந்தது 7.5 வோல்ட் வேண்டும். கருவி 2 ஆம்பியர் எடுக்கிறது. தாங்கும் நேரம் என்பது மின்தேக்குத்திறனை அழுத்த வீழ்ச்சியால் பெருக்கி, மின்னோட்டத்தால் வகுத்தது. 0.01 ஃபாரடு, 2.5 வோல்ட், 2 ஆம்பியர். விடை 12.5 மில்லி வினாடி.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அரைச் சுழற்சி 10 மில்லி வினாடி. ஆகவே ஒரு அரைச் சுழற்சி தவறினாலும் கருவி அதை உணராது. தொழிற்சாலைக் கட்டுப்படுத்திகளுக்கான பன்னாட்டுத் தரமும் ஏறத்தாழ இந்த அளவுத் தாங்குதிறனையே எதிர்பார்க்கிறது.

மின்பகு மின்தேக்கிக்கும் முதுமை உண்டு. அதனுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர்களின் கணிப்பு விதி. நம் மின்தேக்கியின் திறன் பாதியாகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். தாங்கும் நேரம் 6.25 மில்லி வினாடியாகிறது. இனி மின்தடையே தேவையில்லை. அடுத்த அலையின் உச்சம் வருவதற்குள்ளேயே அழுத்தம் எல்லைக்குக் கீழே சரிந்துவிடும். கருவி காரணமில்லாமல் அவ்வப்போது நின்று நின்று எழும். பக்கத்தில் ஒரு பெரிய மோட்டார் தொடங்கும்போது, அது தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுப்பதால் அழுத்தம் சற்றுத் தாழும். அந்த நேரம் பார்த்துக் கட்டுப்படுத்தி மயங்கி விழும்.

பின்னர் வந்த ஸ்விட்ச் முறை மின்வழங்கிகள், 230 வோல்ட்டை நேரடியாகத் திருத்திச் சுமார் 325 வோல்ட்டில் மின்தேக்கியில் சேமிக்கின்றன. ஆற்றல் அழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அல்லவா இருக்கிறது? ஆகவே வெறும் 100 மைக்ரோஃபாரடு மின்தேக்கி 5 ஜூலுக்கு மேல் சேமிக்கிறது. முன்பு பார்த்த பெரிய மின்தேக்கியில் இருப்பதோ அரை ஜூல்தான்! இந்த வகை மின்வழங்கியிலும் ஓர் உறங்கும் பழுது உண்டு. அதைத் தொடக்கி வைக்கும் சுற்றில் ஒரு சிறு மின்தேக்கி இருக்கும். அது உலர்ந்துபோனாலும், ஓடிக்கொண்டிருக்கும் வழங்கி பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி எழவே எழாது.

பழுது காணும் முறை

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழைய 5 வோல்ட் வழங்கி ஒன்று இருந்தது. மல்டிமீட்டரில் 5 வோல்ட் சரியாகவே காட்டும். அதில் இணைத்த எண்ணிச் சுற்றோ கண்டபடி எண்ணும். மாணவர்கள் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் களைத்துவிட்டார்கள். கடைசியில் அலைநோக்கியை இணைத்தபோது, ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் அழுத்தம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவது தெரிந்தது. மல்டிமீட்டர் காட்டியது சராசரியை. சுற்று அனுபவித்ததோ பள்ளத்தை. மின்தேக்கியின் தலை உப்பியிருந்தது.

ஆகவே கட்டுப்படுத்தி நின்றுவிட்டால், நிரலையோ செயலகத்தையோ சந்தேகிக்கும் முன் மின்சாரம் வரும் வழியிலேயே நடந்து செல்லுங்கள். முதலில், வந்துசேரும் மாறுமின்னழுத்தம் முனைகளில் சரியாக இருக்கிறதா? அடுத்து, நேர்மின்னழுத்தம் சரியா? அதை வெறுமனே அளக்காமல், பளுவோடு அளக்க வேண்டும். மல்டிமீட்டரை மாறுமின் அளவுக்கு மாற்றி, நேர்மின்னழுத்தத்தின்மேல் எவ்வளவு அலைவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அழுத்தம் தாழ்ந்திருந்தால் குற்றம் வழங்கியில்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெளியே செல்லும் 24 வோல்ட் கம்பிகளில் ஒன்று எங்கேனும் தோல் உரிந்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். வெளி இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அழுத்தம் நிமிர்கிறதோ, அந்தப் பக்கம்தான் பழுது.

பழுது விட்டுவிட்டு வந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்த மோட்டார் தொடங்கும்போது, எந்த ரிலே விடுபடும்போது வருகிறது என்பது சில நாட்களில் தெரிந்துவிடும். ரிலேச் சுருளில் மின்னோட்டம் சட்டென்று நின்றால், தன் மின்தூண்டலால் பெரும் அழுத்தத் துடிப்பு எழும். சுருள் நேர்மின்னோட்டத்தில் இயங்குவதானால், அதன் குறுக்கே ஒரு டையோடை எதிர்த்திசையில் இணைப்பது இதற்கு மருந்து.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மின்சாரத்தை நிறுத்தியவுடன் வழங்கியைத் திறந்து கைவைக்காதீர்கள். 325 வோல்ட் மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பின்னும் சற்று நேரம் ஆளைத் தாக்கும் நிலையிலேயே இருக்கும். உரிய நேரம் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே தொட வேண்டும்.

வந்த பிறகு என்ன?

மின்சாரம் ஏன் போனது என்று கண்டுபிடித்துவிட்டோம். வேலை முடிந்ததா? இல்லை. முதலில் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது.

ரிலே தன் வில்லால் இலவசமாகத் தந்த மறதியை, நினைவகம் உள்ள கருவியில் நாமே எழுதித் தர வேண்டியிருக்கிறது. நிரலில் சாதாரண வகை வெளியீடுகள் உண்டு. கருவி விழித்தெழும்போது அவை அணைந்த நிலைக்கு வந்துவிடும். பூட்டு வகை வெளியீடுகளும் உண்டு. அவை மின்தடைக்கு முன் இருந்த நிலையை நினைவில் வைத்திருக்கும். தொட்டியில் எத்தனை பொருள் விழுந்தது என்ற எண்ணிக்கை நினைவில் இருக்க வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்பதோ மறக்கப்பட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால், சில்லுகள் எல்லாம் நலமாக இருந்தும் இயந்திரம் ஆபத்தானதாகிவிடும். எந்த மல்டிமீட்டரும் இந்தப் பழுதைக் காட்டாது.

மின்சாரம் திரும்பும்போது இயந்திரம் தானாக இயங்குவது ஆபத்தை விளைவிக்குமானால் அதைத் தடுக்க வேண்டும் என்று, இயந்திரங்களின் மின்கருவிகளுக்கான பன்னாட்டுத் தரம் 60204-1 கூறுகிறது. ஆகவே பழுதை நீக்கிய பிறகு கடைசியாக ஒரு சோதனை செய்ய வேண்டும். ஆட்களை விலக்கி நிறுத்தி, இயந்திரம் ஓடும்போதே மின்சாரத்தை வேண்டுமென்று நிறுத்துங்கள். மீண்டும் கொடுங்கள். இயந்திரம் அமைதியாக, ஒருவருடைய கட்டளைக்காகக் காத்து நிற்கிறதா? நின்றால்தான் வேலை முடிந்தது.

மார்லி குழுவினர் தங்கள் பெட்டிக்கு ஸ்விட்ச் வைக்கவில்லை. அந்தப் பெட்டி எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள், அது எப்படித் தூங்க வேண்டும், எப்படி எழ வேண்டும் என்று படிப்படியாகக் கற்றுக்கொண்டார்கள்.

வாசகர்களே, அடுத்த முறை மின்சாரம் நின்றால், மெழுகுவத்தியைத் தேடுவதற்கு முன் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அது தன் கட்டளையை மறக்காது. அதற்காக நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.